முழங்கால் வலிக்கு ஓய்வு மட்டும் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

விளையாட்டுக் காயங்கள் பற்றி உங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். முழங்காற்சில்லுக்குக் கீழே மாதக்கணக்கில் நீடிக்கும் வலியையும் சாதாரணச் சுளுக்கோடு சேர்த்து, ஓய்வும் ஐஸும் மாத்திரையும் போதும் என்று அதில் முடித்திருந்தார்கள். சமூக மன்றத்தில் இளையர்களுக்குக் கைப்பந்து பழக்கும் எனக்கு அது உறுத்தலாக இருந்தது.

எகிறிக் குதித்து ஆடுபவர்களுக்கு வரும் இந்த வலிக்கு 1973இல் 'ஜம்ப்பர்ஸ் நீ' (குதிப்பவர் முழங்கால்) என்று பெயரிட்டார்கள். இது அழற்சிதான் என்று நெடுங்காலம் நம்பினார்கள். ஆனால், அறுவை சிகிச்சையில் அந்த இடத்திலிருந்து எடுத்த தசைநாணை (தசையை எலும்போடு இணைக்கும் நாரை) நுண்ணோக்கியில் பார்த்தபோது அழற்சி அணுக்கள் அரிதாகவே தென்பட்டன. ஒரே திசையில் நெருக்கமாக அடுக்கியிருக்க வேண்டிய கொலாஜன் என்ற புரத இழைகள் பிரிந்து தாறுமாறாகக் கிடந்தன. இடையே நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் பொருள் கூடியிருந்தது. ஸ்கேனில் தசைநாண் தடித்துத் தெரிவதற்கு அது ஒரு காரணம். மெலிந்து நீண்டிருக்க வேண்டிய செல்கள் உருண்டு பெருகியிருந்தன. இரத்தக் குழாய்கள் குறைவான அந்த இடத்தில் புதுக் குழாய்களும் நரம்பிழைகளும் முளைத்திருந்தன. அழற்சிக்கும் சிறு பங்கு உண்டு என்று பின்னர் வந்த ஆய்வுகள் சொல்கின்றன. ஆனாலும் வீக்கத்தை வற்ற வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற கணக்கு இங்கே செல்லாது.

2009இல் வெளிவந்த டென்மார்க் ஆய்வு ஒன்றில், அழற்சியைக் குறைக்கும் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு 12 வாரத்தில் வலி நன்றாகக் குறைந்தது. அரை ஆண்டில் அந்தப் பலன் தேய்ந்துவிட்டது. அதிகப் பாரத்தோடு மெதுவாகக் குந்தி எழும் பயிற்சி செய்தவர்களுக்கோ முன்னேற்றம் நிலைத்தது. தசைநாணுக்குத் தேவை படிப்படியாகக் கூட்டப்படும் சுமை.

நம் பள்ளிகளில் தேர்வுக் காலத்தில் இணைப்பாட நடவடிக்கைகளை நிறுத்திவிடுவார்கள். தேர்வு முடிந்ததும் பிள்ளைகள் முதல் நாளே முழு வேகத்தில் குதிப்பார்கள். அந்தத் திடீர்ச் சுமையில்தான் பலருக்கு வலி தொடங்குவதைப் பார்க்கிறேன். குதிப்பதை ஓரிரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டச் சொல்லிப் பயிற்றுவிப்பாளர்களிடம் பெற்றோர் கேட்கலாம். வலியே இல்லாத ஆட்டக்காரர்களின் ஸ்கேனிலும் இதே மாற்றங்கள் தெரிவதுண்டு. படத்தை மட்டும் பார்த்து அஞ்ச வேண்டியதில்லை. அடுத்த நலவாழ்வுப் பக்கத்தில் விளையாட்டு இயன்மருத்துவர் ஒருவரிடம் கேட்டு இதை விரிவாக எழுதும்படி வேண்டுகிறேன்.

கைப்பந்துப் பயிற்றுவிப்பாளர்,
ஈசூன்