ஒரே இடத்தில் வாங்கிப் பழகியது போதும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் மளிகைக் கடை வைத்து, கூடவே கல்யாணம் காட்சிக்குச் சமைத்துக் கொடுக்கும் கேட்டரிங் வேலையும் பார்ப்பவன் நான். தட்டுப்பாடு வரும்போதெல்லாம் கப்பல்காரர்களையும் இந்தியாவையும் அரசாங்கத்தையும் மாறி மாறிக் குறை சொல்கிறோம், ஆனால் நாம் சரக்கு வாங்குகிற விதத்தைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

2023ஐ நினைத்துப் பாருங்கள். ஜூலையில் பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்கு இந்தியா தடை போட்டது. ஆகஸ்டில் வெங்காயத்துக்கு 40 விழுக்காடு வரி, அதே மாதம் புழுங்கல் அரிசிக்கு 20 விழுக்காடு. டிசம்பர் 8ஆம் தேதி வெங்காயத்துக்கு முழுத் தடை, அடுத்த ஆண்டு மே வரை. வரி போட்டபோதே அடுத்து என்ன வரும் என்று நான் யோசித்திருக்க வேண்டும், யோசிக்கவில்லை. தை மாதக் கல்யாணம் ஒன்றுக்கு ஆவணியிலேயே விலை பேசி முன்பணம் வாங்கியிருந்தேன். தடை வந்த வாரமே, பல வருடமாக எனக்கு வெங்காயம் போடும் மொத்த வியாபாரி ஃபோன் செய்து, “அண்ணே, இனிமேல் என்னை நம்பாதீங்க” என்று சொல்லிவிட்டார். பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தைக்குப் போய் அலைந்தால், மற்றவர்கள் தங்கள் வாடிக்கையாளருக்குக் கொடுத்தது போக மிச்சம்தான் எனக்கு, அதில் அவர்கள் மேல் தப்பே இல்லை. நான் அவர்களிடம் ஒரு மூட்டைகூட வாங்கியதில்லையே! கடைசியில் சீன வெங்காயம் கிடைத்தது. அது தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்ததால் வதக்கவே இரண்டு மடங்கு நேரம் பிடித்தது. பேசிய விலைக்கே சமைத்துப் போட்டேன், கைக்காசு போனது.

அன்றிலிருந்து கொள்முதலை மாற்றிவிட்டேன். வெங்காயத்தில் பாதிக்கு மேல் பழைய ஆளிடம் வாங்குகிறேன், மீதியை பாகிஸ்தான், ஹாலந்து சரக்கு வைத்திருக்கும் இருவரிடம் பிரித்து வாங்குகிறேன். கிலோவுக்குச் சில காசு கூடத்தான் ஆகிறது. ஆனாலும் விடாமல் வாங்குகிறேன், ஏனென்றால் சரக்கு இல்லாத நாளில் கணக்கு வைத்திருப்பவனுக்குத்தான் கொடுப்பார்கள். 2022 ஜூனில் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியபோது நம் நாட்டுக்கு வந்த கோழியில் மூன்றில் ஒரு பங்கு அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது. பிரேசிலின் உறைகோழி முன்பே பழக்கத்தில் இருந்ததால்தான் தாக்குப்பிடித்தோம், அந்த மாத முடிவிலேயே இந்தோனேசியாவுக்கும் அனுமதி கொடுத்தார்கள்.

இரண்டு பேரிடம் வாங்கினால் மட்டும் போதும் என்றும் நினைக்காதீர்கள். உளுந்தை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையில் ஒருவர், மும்பையில் ஒருவர் என்று வைத்திருப்போம், ஆனால் இந்தியாவே வெளியில் வாங்கும் உளுந்தில் பெரும்பங்கு மியன்மாரிலிருந்து வருவது. அங்கே ஒரு சிக்கல் என்றால் நம்முடைய இரண்டு ஆட்களும் ஒரே நாளில் கையை விரிப்பார்கள். அதனால் பில்லில் இருக்கும் பெயரைப் பார்ப்பதோடு நிற்காமல், பருப்பு எங்கே விளைந்தது, எந்தத் துறைமுகம் வழியாக வருகிறது என்று கேளுங்கள். சென்னையிலிருந்து சிங்கப்பூர் வரும் கப்பல் செங்கடல் பக்கமே போவதில்லை, ஆனாலும் 2024இல் செங்கடல் தாக்குதல்களுக்குப் பயந்து மற்ற கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிவந்து அட்டவணை குலைந்ததில், இங்கே நம் துறைமுகத்திலேயே கன்டெய்னர் கப்பல்கள் இரண்டு மூன்று நாள் காத்துக் கிடந்தன.

சரி, இருப்பு விஷயத்துக்கு வருகிறேன். அரிசி இறக்குமதியாளர்கள் மாத இறக்குமதியைப் போல இரண்டு மடங்கு இருப்பு வைக்க வேண்டும் என்ற திட்டம் இங்கே இருக்கிறது. பருப்பு, புளி, மிளகாய்க்கு நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். சின்னக் கடைக்கு அது முடிகிற காரியமா? இருபது அடி கன்டெய்னரில் பருப்பு இறக்கினால் இருபது டன்னுக்கு மேல் வரும். அதை வைக்க எனக்கு இடமும் இல்லை, பணமும் இல்லை, இந்தப் புழுக்கத்தில் வண்டு வேறு விழும். ஆனால் பத்துக் கடை சேர்ந்தால் ஆளுக்கு இரண்டு டன்தான், ஆறு வாரத்தில் விற்றுத் தீர்த்துவிடலாம். இப்போது பத்துப் பேரும் தனித்தனியாக ஒரே இறக்குமதியாளரிடம் போய் நின்று, பத்து விலைக்கு வாங்கிக்கொண்டிருக்கிறோம். பக்கத்துக் கடைக்காரருக்கு நம் விலை தெரிந்துவிடுமே என்ற பயம்தான் நம்மைப் பிரித்து வைத்திருக்கிறது. விற்கும் விலையில் போட்டி போடுவோம், வாங்குவதில் எதற்கு?

லிட்டில் இந்தியா கடைக்காரர்கள் சங்கமான லிஷாவும் இந்திய வர்த்தக, தொழிற்சபையும் இதை முன்னெடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். முதலில் துவரம்பருப்பு, உளுந்து இரண்டை மட்டும் சேர்ந்து வாங்கிப் பார்க்கலாம், தீபாவளிக்கு நான்கு மாதம் முன்னாலேயே ஆர்டர் போட வேண்டும், பணம் யார் எவ்வளவு முன்கூட்டிக் கட்டுவது என்பதை எழுத்தில் வைக்க வேண்டும், இல்லையென்றால் சண்டையில்தான் முடியும். கூட்டம் போட இடம் வேண்டுமென்றால் என் கடை மாடி இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை தவிர எந்த நாள் சாயங்காலமும் வரலாம்.

இப்படிக்கு,
மளிகைக் கடைக்காரர் ஒருவர்,
லிட்டில் இந்தியா