மாமாவின் வலி மருந்து பற்றி மகனுக்கு

ஆயர் ஈத்தாம், பினாங்கு

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். நேற்று நீ போனில் சொன்னதிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. புற்றுநோய் வலிக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த மார்ஃபின் புட்டி ஐந்து நாளாக மூடி திறக்காமல் இருக்கிறது, சம்பந்தி ராத்திரி முழுக்கக் கட்டில் கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறார் என்றாய். "அதைக் கொடுத்தால் அப்பா சீக்கிரம் போய்விடுவார்" என்று பெரிய மச்சான் தடுக்கிறார், மருமகள் நடுவில் கிடந்து அழுகிறாள். போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை எழுதுகிறேன். மச்சானையும் பக்கத்தில் உட்காரவைத்துப் படி.

மச்சானைக் குறை சொல்லாதே. அந்தப் பயம் சும்மா வந்ததில்லை. முன்பெல்லாம் கடைசி இரண்டு மூன்று நாளில்தான் மார்ஃபின் ஊசி போடுவார்கள். ஊசி போட்ட மறுநாள் ஆள் போய்விடுவார். பார்த்துக்கொண்டிருந்த குடும்பம் என்ன நினைக்கும்? ஊசிதான் கொண்டுபோய்விட்டது என்றுதான் நினைக்கும். நோய் முற்றியதால் ஊசி வந்தது, ஊசியால் நோய் முற்றவில்லை என்று யாரும் உட்கார்ந்து விளக்கியதில்லை. அதோடு நம் நாட்டில் மார்ஃபின் 1952ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருகிற பொருள். அதில் கடத்தலுக்கான 39பி பிரிவு என்றாலே நம் ஆட்களுக்குத் தூக்குமேடை ஞாபகம் வரும். அப்படிப்பட்ட ஒன்றை வெள்ளைச் சட்டை போட்ட பிள்ளை பிளாஸ்டிக் பையில் போட்டுக் கையில் கொடுத்தால் பயப்படாமல் என்ன செய்வார்கள்?

ஆனால் விஷயம் இதுதான். கொஞ்சமாகத் தொடங்கி, வலியைப் பார்த்துப் பார்த்து ஏற்றினால் மார்ஃபின் ஆயுளைக் குறைக்காது. வலிதான் ஆளைத் தின்னும். தூங்க விடாது, சாப்பிட விடாது, மூச்சை ஆழமாக இழுக்க விடாது, படுக்கையை விட்டு எழ விடாது. சளி கட்டும், கால் இரத்தக்குழாயில் இரத்தம் உறையும். போதைக்கு அடிமையாவது வேறு, உடம்பு மருந்துக்குப் பழகுவது வேறு. சில வாரம் குடித்தபின் திடீரென்று நிறுத்தினால் வியர்க்கும், மூக்கு ஒழுகும், வயிறு போகும். அது உடம்பு பழகியதன் அடையாளம். வேண்டாம் என்றால் டாக்டர் படிப்படியாகக் குறைப்பார். இதே மருந்தை வருஷக்கணக்கான முதுகுவலிக்குக் கேட்டால் நானே வேண்டாம் என்பேன். அமெரிக்காவில் அப்படி வாரி வாரிக் கொடுத்துத்தான் எத்தனையோ குடும்பம் அழிந்தது. சம்பந்திக்கு இருப்பது எலும்புக்குப் பரவிய புற்றுநோய். இந்த மருந்து இருப்பதே இதற்குத்தான்.

"அப்பா முருக பக்தர், இருபது வருஷம் காவடி எடுத்தவர், தாங்குவார்" என்று மச்சான் சொன்னாராமே. தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குக் காவடி ஏறுகிறவர் நாற்பத்தெட்டு நாள் விரதமிருந்து, தானே நாள் குறித்து, தானே வேண்டி அந்த வேலைக் குத்திக்கொள்கிறார். இறக்கி வைக்க ஒரு சன்னிதியும் இருக்கிறது. இந்த வலியை அவர் கேட்டு வாங்கவில்லை, இறக்கி வைக்கவும் இடமில்லை. இரண்டையும் ஒன்றாகப் பேச வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்.

இனி கொடுக்கும் முறை. புட்டி லேபிளில் எழுதியிருப்பதுதான் கணக்கு. நான் சொல்வது உனக்கு விளங்குவதற்காக மட்டும். முதலில் செறிவைப் பார். 5 மில்லியில் 10 மில்லிகிராம் என்று இருந்தால், டாக்டர் சொன்ன 5 மில்லிகிராமுக்கு 2.5 மில்லி ஊற்ற வேண்டும். மில்லிகிராமையும் மில்லியையும் குழப்பிக்கொண்டுதான் வீட்டில் தப்பு நடக்கிறது. 5 மில்லிகிராம் என்பதை 5 மில்லி என்று வாசித்தால் இரட்டிப்பு மருந்து உள்ளே போய்விடும். டீஸ்பூன் வேண்டவே வேண்டாம், ஒவ்வொரு வீட்டு ஸ்பூனும் ஒவ்வோர் அளவு. ஃபார்மசியில் ஊசியில்லாத 5 மில்லி சிரிஞ்சு வாங்கி, 2.5 கோட்டில் பேனாவால் ஒரு அடையாளம் போட்டு வை. கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார், காற்றுக் குமிழி இருந்தால் தட்டி வெளியேற்று. உதட்டோரமாக வைத்து மெதுவாக அழுத்தினால் போதும். கசக்கும். உடனே கொஞ்சம் சர்பத் கொடு.

தண்ணீர் மருந்து நாலு மணி நேரம்தான் நிற்கும். அதனால் காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10, பின்னிரவு 2. பின்னிரவு வேளையை விட்டுவிட்டு இரவு பத்து மணிக்குக் கூட்டிக் கொடுக்கலாமா என்று டாக்டரிடம் கேள், பலருக்கு அப்படிச் சொல்வார்கள். நீயாகக் கூட்டாதே. வலி வந்தபின் கொடுப்போம் என்று காத்திருப்பதுதான் நம் வீடுகளில் நடக்கிற பெரிய தப்பு. ஏறிவிட்ட வலியை இறக்க அதிக மருந்து வேண்டும், ஏறாமல் பார்த்துக்கொள்ளக் கொஞ்சம் போதும். கடிகாரத்தைப் பார்த்துக் கொடு, அவர் முகத்தைப் பார்த்துக் கொடுக்காதே.

நடுவில் வலி பிய்த்துக்கொண்டு வந்தால் கொடுக்க ஒரு வேளை தனியாக எழுதியிருப்பார்கள். வழக்கமாக அது ஒரு நாள் மொத்தத்தில் ஆறில் ஒரு பங்கு. நாளுக்கு 30 மில்லிகிராம் என்றால் அது 5. அரை மணியில் வேலை செய்யத் தொடங்கும், ஒரு மணி நேரத்தில் உச்சம். குளிப்பாட்டவோ, காரில் ஏற்றவோ போகிறீர்கள் என்றால் அரை மணி முன்னால் இதைக் கொடு. ஒரே நாளில் மூன்று நாலு தடவை தேவைப்பட்டால் அடிப்படை அளவு போதவில்லை என்று பொருள், போன் போட்டுச் சொல்.

முதல் இரண்டு மூன்று நாளைப் பற்றித்தான் நான் அதிகம் எழுத வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான வீட்டில் மருந்தை நிறுத்துவது அப்போதுதான். எத்தனையோ ராத்திரி தூங்காத மனுஷர். வலி விட்டதும் அடித்துப் போட்ட மாதிரி தூங்குவார். கூடவே மருந்தின் மயக்கமும் கொஞ்சம் இருக்கும். "ஐயோ, அப்பாவை மயக்கிப் போட்டுவிட்டார்கள்" என்று வீடே கூடும், புட்டி திரும்ப அலமாரிக்குப் போகும். அப்படி ஆகாமல் இருக்க ஒரு சோதனை சொல்கிறேன். பேர் சொல்லிக் கூப்பிடு, தோளைத் தொடு. கண் திறந்து பதில் சொல்லிவிட்டுத் திரும்பத் தூங்கினால் அது தூக்கம். பிறகு நெஞ்சு ஏறி இறங்குவதை முழுசாக ஒரு நிமிஷம் எண்ணு. பன்னிரண்டு, பதினாலு இருந்தால் கவலையில்லை. எழுப்பியும் எழாமல், மூச்சும் நிமிஷத்துக்கு எட்டுக்குக் கீழே போனால் அடுத்த வேளையைக் கொடுக்காதே, உடனே 999 கூப்பிடு. அதற்கு முன்பே, எழுப்ப எழுப்ப மேலும் மேலும் கண் சொருகுகிறது என்று தோன்றினாலும் அடுத்த வேளைக்கு முன் நர்ஸுக்குப் போன் போடு. மூச்சு குறைவதற்கு முன்னால் தூக்கம்தான் கூடும்.

குமட்டல் இருந்தால் ஒரு வாரத்தில் அடங்கும், அதற்கு மாத்திரை இருக்கிறது. மலச்சிக்கல் மட்டும் அடங்கவே அடங்காது, மார்ஃபின் இருக்கும்வரை இருக்கும். முதல் வேளையோடு மலமிளக்கியும் தொடங்க வேண்டும். சென்னா மாத்திரையோ லாக்டுலோஸ் தண்ணீரோ எழுதியிருப்பார்கள். வாழைப்பழம், பப்பாளி போதும் என்று பெரியவர்கள் சொல்வார்கள், போதாது. படுத்திருப்பவருக்குத் தண்ணீர் குறைவாகப் போகும்போது நார்ச்சத்து மட்டும் கூட்டினால் உள்ளே அடைத்துக்கொள்ளும். மூன்று நாள் போகவில்லை என்றால் சொல்லிவிடு. பல நாள் போகாமல் இருந்துவிட்டுத் தண்ணீராகக் கசிந்தால் அது வயிற்றுப்போக்கு இல்லை, கட்டிப்போனதைச் சுற்றி ஒழுகுவது. மலமிளக்கியை நிறுத்திவிடாதே.

அவருக்கு இருபது வருஷமாகச் சர்க்கரை. ரத்தச் சோதனையில் கிரியாட்டினின் எவ்வளவு என்று கேள், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டுவது அது. சிறுநீரகம் தளர்ந்திருந்தால் மார்ஃபினின் கழிவு உடம்பில் தங்கும். கை கால் திடீர் திடீரென்று துள்ளும், இல்லாத ஆளோடு பேசுவார். உடனே டாக்டரிடம் சொன்னால் அளவைக் குறைப்பார், அல்லது ஃபென்டனில் போன்ற வேறு மருந்துக்கு மாற்றுவார். ஃபென்டனில் ஒட்டுப் பட்டை கொடுத்தால் மூன்று நாளுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். அதன் மேல் வெந்நீர்ப் பை வைக்கக்கூடாது, சூட்டில் மருந்து வேகமாக உள்ளே இறங்கும். பன்னிரண்டு மணி நேர மாத்திரைக்கு மாற்றினால் அதை இடித்துக் கொடுத்துவிடாதீர்கள். அரை நாள் மருந்து ஒரே நேரத்தில் இறங்கிவிடும்.

பழைய டிராமடால் வலி மாத்திரை இன்னும் ஓடுகிறதா? மார்ஃபின் தொடங்கும்போது அதை நிறுத்த வேண்டுமா என்று கேட்டுக்கொள். பனடோல், அதாவது பாராசிட்டமால், கூடவே கொடுக்கலாம், நாளுக்கு 500 மில்லிகிராம் மாத்திரை எட்டுக்கு மேல் போகக்கூடாது. அவர் இளைத்துப்போயிருப்பதால் அதிலும் குறைவாகவே சொல்வார்கள். சளி மாத்திரையிலும் அதே பாராசிட்டமால் ஒளிந்திருக்கும். பொன்ஸ்டான், வோல்டாரன் வலி மாத்திரை இரண்டையும் மச்சான் கடையில் வாங்கி வந்து கொடுக்க வேண்டாம். பிரஷர் மாத்திரையும் சர்க்கரையும் இருக்கிற ஆளுக்குச் சிறுநீரகத்தைக் கெடுக்கும், வயிற்றில் புண் வந்து ரத்தம் கசியும்.

யாரோ பாசார் மாலாமில், இரவுச் சந்தையில், விற்கிற வேர்ப்பொடி வாங்கித் தந்ததாகச் சொன்னாயே, "ஒரே நாளில் எழுந்து உட்கார்ந்தார்" என்று. ஒரே நாளில் எழுப்பினால்தான் எனக்குச் சந்தேகம். அப்படிப்பட்ட பொடிகளில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைக் கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு திரும்பத் திரும்பப் பிடித்திருக்கிறது. டப்பாவில் MAL (மால்) என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஸ்டிக்கரும் இருக்கிறதா பார். இல்லையென்றால் இனி வாங்காதீர்கள். ஆனால் வாரக்கணக்கில் சாப்பிட்டிருந்தால் நீங்களாகச் சட்டென்று நிறுத்தவும் வேண்டாம், டப்பாவோடு டாக்டரிடம் போங்கள்.

கோடாலித் தைலம் தடவலாம், நெற்றியில், பாதத்தில், அவருக்குச் சுகமாக இருக்கும். முதுகெலும்பில், இடுப்பில் அழுத்தி உருவிவிடுவது மட்டும் கூடவே கூடாது. புற்று அரித்த எலும்பு அழுத்தினால் முறியும்.

டாக்டர் கேட்கும்போது சம்பந்தி "ஓக்கேதான் டாக்டர்" என்று நிமிர்ந்து உட்காருவார், எனக்குத் தெரியும். அதனால் நீ எழுதிக்கொண்டு போ. நம் மொழியில் வலிக்கு எத்தனை பேர் இருக்கிறது பார்: குத்தல், குடைச்சல், எரிச்சல், உளைச்சல், விண்விண் என்று தெறிப்பது, சுண்டி இழுப்பது, மரத்துப்போவது. ஆஸ்பத்திரியில் எல்லாம் 'சாக்கிட்' என்ற ஒரே மலாய்ச் சொல்லாகிவிடுகிறது. அங்கேதான் சிகிச்சை தவறிப்போகிறது. எலும்பில் குடைகிற வலிக்கு ஒரு மருந்து, நரம்பில் எரிகிற வலிக்கு இன்னொன்று. எரிகிறது, ஷாக் அடிக்கிற மாதிரி ஓடுகிறது, மரமரப்பாக இருக்கிறது என்றால் அது நரம்பு. அதற்கு மார்ஃபின் மட்டும் பல நேரம் போதாது, கபாபென்டினோ அமிட்ரிப்டிலினோ சேர்ப்பார்கள், பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம் ஆகும். நர்ஸ் மலாய்க்காரப் பிள்ளையாக இருந்தால் எரிச்சலைப் 'பெடிஹ்' என்று சொல், மரத்துப்போவதைக் 'கெபாஸ்' என்று சொல், உளைச்சலை 'லெங்குஹ்' என்று சொல்.

சைபரிலிருந்து பத்து வரை எண் கேட்பார்கள். 2008இலிருந்து அரசு ஆஸ்பத்திரிகளில் வலியை ஐந்தாவது உயிர்க்குறியாக, காய்ச்சல், நாடி, மூச்சு, பிரஷரோடு சேர்த்து எழுதச் சொல்லியிருக்கிறார்கள். அதனால் கேட்காவிட்டால் நீ கேட்கவைக்கலாம். எண் சொல்லக் கூச்சப்பட்டால் "இன்றைக்கு ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், எந்தப் பக்கம் படுக்க முடியவில்லை" என்று கேள். அதற்கு ஒளிக்காமல் பதில் சொல்வார்.

எலும்பு வலிக்குக் கதிர்வீச்சும் உண்டு. பல நேரம் ஒரே ஒரு தடவை கொடுத்தாலே போதும், வலி குறைய இரண்டு மூன்று வாரம் ஆகும். அடுத்த கிளினிக்கில் கட்டாயம் கேள். ஒன்று மட்டும் மறக்காதே: முதுகில் புதுசாக வலி வந்து, கால் தளர்ந்தாலோ, மூத்திரம் அடைத்தாலோ, அன்றைக்கே அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோ. தண்டுவடம் நசுங்குகிறது என்று பொருள், ஒரு நாள் தாமதித்தால் கால் திரும்ப வராமலே போகலாம்.

நீங்கள் கோலாலம்பூர் செந்தூலில் இருப்பதால், தீராத நோய்க்காரர்களைக் கவனிக்கிற ஹோஸ்பிஸ் மலேசியாவைக் கேட்கலாம். செராஸில் இருக்கிறது, 1991இல் தொடங்கியது. அவர்கள் வீட்டுக்கே நர்ஸை அனுப்புவார்கள், காசு வாங்குவதில்லை. டாக்டரிடம் ஒரு பரிந்துரைக் கடிதம் மட்டும் வாங்கிக்கொள். ஹோஸ்பிஸ் என்ற சொல்லைக் கேட்டாலே மச்சான் துடித்துப்போவார். வீட்டுக்கு வந்து வலியைப் பார்க்கிற நர்ஸ் என்று சொல்.

புட்டியைப் பூட்டி வை, சாவி மருமகளிடம் இருக்கட்டும். பேரப்பிள்ளைகள் ஓடித் திரிகிற வீடு. மிஞ்சினால் ஆஸ்பத்திரி மருந்துக்கூடத்தில் திருப்பிக் கொடு.

லேபிள் ஐந்து நாளுக்கு முந்தியது என்பதால் நாளைக்குக் காலை வார்டுக்குப் போன் போட்டு, அதே அளவில் தொடங்கலாமா, டிராமடாலை என்ன செய்வது என்று கேட்டுவிடு. சரி என்றதும் காலை பத்து மணி வேளையிலிருந்து தொடங்கு. ராத்திரியில் தொடங்கினால் எல்லாரும் தூங்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். பள்ளி நோட்டு ஒன்றில் நாலு கட்டம் போடு: மணி, கொடுத்த மில்லி, கொடுக்குமுன் வலி எண், ஒரு மணி கழித்து வலி எண். எழுதுகிற வேலையை மச்சானிடம் கொடு. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு வந்து கூப்பிடுகிறேன், அவரையே வாசிக்கச் சொல்.

அன்புடன்,
அம்மா