காஸ்பாட்ரிக் கப்பலில் நான் சொல்லாமல் விட்ட பாதி

தூத்துக்குடி

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் அம்மாவும் அக்கா வீட்டாரும் நலம். உன் குரலைக் கேட்டுப் பதினெட்டு நாட்கள் ஆகின்றன என்பதை மட்டும் சொல்லிவிட்டு, அதைப் பற்றி மேலும் கேட்காமல் விடுகிறேன். கப்பலில் வேலை நெருக்கும் காலம் உண்டு என்பது எனக்குத் தெரியும். அடுத்த துறைமுகத்தில் கப்பல் முகவர் இந்தக் கடிதத்தை உன்னிடம் சேர்ப்பார் என்று நம்புகிறேன். உட்கார்ந்து படிக்க நேரம் கிடைக்கும்போது படி.

நீ பயிற்சிக்குப் புறப்பட்ட இரவு, மொட்டைமாடியில் வைத்துக் காஸ்பாட்ரிக் என்ற பாய்மரக் கப்பலின் கதையை உனக்குச் சொன்னேன். நான் அந்தக் கதையை முதலில் கேட்டது ஒரு தீயணைப்புப் பயிற்சியின்போது. அதன்பிறகு கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்திருக்கிறேன். அன்றைக்கு உன்னிடம் தீயைப் பற்றியும் படகுகளைப் பற்றியும் மட்டும் சொன்னேன். விசாரணையைப் பற்றிச் சொல்லவில்லை. இந்தப் பத்து நாட்களாக அது என் மனத்தை அறுத்துக்கொண்டிருப்பதால், இப்போது முழுவதையும் எழுதுகிறேன்.

அந்தக் கப்பல் 1856ஆம் ஆண்டு பர்மாவில் மோல்மீன் கட்டுத்துறையில், லண்டன் கப்பல் அதிபர் டங்கன் டன்பாருக்காகத் தேக்கு மரத்தில் கட்டப்பட்டது. மூன்று பாய்மரங்கள், ஏறத்தாழ 1,200 டன், 190 அடி நீளம். பர்மாத் தேக்கு எத்தகையது என்பதை உன் தாத்தாவின் தோணியில் கை வைத்துப் பார்த்தவன் நீ. அத்தகைய மரத்தில் கட்டிய கப்பல் பதினெட்டு ஆண்டுகளில் பழையதாகிவிடாது. அது இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே பயணிகளையும் படைவீரர்களையும் சரக்கையும் ஏற்றிச் சென்றது. 1863இல் பாரசீக வளைகுடாவில் தந்திக் கம்பியைக் கடலடியில் பதிக்கும் பணிக்கும் சென்றது. டன்பார் இறந்தபின் கைமாறி, 1873இல் ஷா சேவில் நிறுவனத்திடம் வந்து, நியூசிலாந்துக்குக் குடியேறிகளை ஏற்றிச் செல்லும் கப்பலாக ஆனது.

அந்த மக்கள் யார் என்பதை அன்று நான் உனக்குச் சரியாகச் சொல்லவில்லை. நியூசிலாந்து அரசு, அப்போதைய பிரதமர் ஜூலியஸ் வோகலின் திட்டப்படி, சாலையும் ரயில் பாதையும் போட ஆட்களைத் தேடி, கப்பல் கட்டணமே இல்லாமல் இங்கிலாந்திலிருந்து குடும்பங்களை வரவழைத்துக்கொண்டிருந்தது. இங்கிலாந்திலோ பண்ணைக் கூலிகள் 1872இல் சங்கம் சேர்ந்ததும், 1874இல் பண்ணை முதலாளிகள் பல இடங்களில் அவர்களுக்கு வேலை மறுத்து வெளியே தள்ளியதும் நடந்தன. கூலி போதாமல், பிள்ளைகளாவது சொந்த நிலத்தில் நிற்கட்டும் என்று கிளம்பியவர்கள் அவர்களில் பலர். 1874 செப்டம்பர் 11ஆம் நாள் காஸ்பாட்ரிக், கிரேவ்செண்டிலிருந்து ஆக்லாந்துக்குப் புறப்பட்டபோது அதில் 429 குடியேறிகள் இருந்தார்கள். 177 ஆண்கள், 125 பெண்கள், 127 குழந்தைகள். அந்தக் குழந்தைகளில் 16 பேர் ஒரு வயதுகூட நிரம்பாதவர்கள். ஆக்ஸ்போர்டுஷயரில் ஷிப்டன்-அண்டர்-விச்வுட் என்ற ஓர் ஊர் இருக்கிறது. அந்த ஒரே ஊரில், உறவுக்குள் உறவான ஹெட்ஜஸ், டவுன்செண்ட் என்னும் இரண்டு குடும்பங்களிலிருந்து 17 பேர் அந்தக் கப்பலில் ஏறினார்கள். ஊர் நடுவே அவர்கள் பெயரில் 1878இல் நினைவுச் சின்னம் எழுப்பியிருக்கிறார்கள். நம் தெருவிலிருந்து ஒரே நாளில் பதினேழு பேர் போனால் தெரு என்னவாகும் என்று நினைத்துப் பார். எனக்கு அதற்குமேல் நினைக்க முடியவில்லை.

கப்பலின் வயிற்றில் என்ன இருந்தது என்பதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். ஆளி விதை எண்ணெய், டர்பன்டைன், வார்னிஷ், பெயின்ட், மதுபானங்கள், நிலக்கரி. அவற்றின் மேலே ஒரு தளம். அந்தத் தளத்தில்தான் பிள்ளைகள் தூங்கினார்கள்.

நவம்பர் 17ஆம் நாள், நன்னம்பிக்கை முனைக்குத் தென்மேற்கே பல நூறு மைல் தொலைவில், நள்ளிரவு தாண்டியதும் தீ என்ற கூச்சல் எழுந்தது. கப்பலின் துணை அதிகாரியான இரண்டாம் மேட் ஹென்றி மெக்டொனால்ட் தன் காவல் நேரத்தை முடித்துப் படுக்கப் போய்ச் சிறிது நேரமே ஆகியிருந்தது. புகை கப்பலின் முன்பக்கமான அணியத்திலிருந்து, போசன் ஸ்டோர் பக்கமிருந்து வந்தது. கயிறும் பெயின்டும் தாரும் அடுக்கியிருக்கும் அறை அது. நான் பத்தொன்பது ஆண்டுகள் சாவி வைத்திருந்த அறை. இப்போது உன் கப்பலில் உன் பொறுப்பில் வரும் அறை.

தீ அணியத்தில் இருந்தால் கப்பலின் முதுகில் காற்று படும்படி திருப்ப வேண்டும். அப்போது நெருப்பும் புகையும் முன்பக்கமாகக் கடலை நோக்கிப் போகும். மக்கள் பின்பக்கம், அமரத்தில் மூச்சு விடலாம். கேப்டன் அலெக்சாண்டர் எல்ம்ஸ்லி அதைத்தான் செய்ய முயன்றார். ஆனால் கப்பல் திரும்பவில்லை. முகத்தைக் காற்றுக்கு நேரே கொடுத்துவிட்டது. தோணியில் சுக்கான் பிடித்தவன் என்பதால் சொல்கிறேன், அந்த நொடியில் சுக்கான் கையில் இருந்தும் கப்பல் கேட்காமல் போவதைப் போன்ற கொடுமை வேறில்லை. தீ அமரத்தை நோக்கி ஓடிவந்தது. ஒரு மணி நேரத்துக்குள் செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

படகுகள் இருந்தன. ஆனால் அக்காலச் சட்டம் கப்பலின் டன் கணக்கைப் பார்த்துப் படகுகளை எண்ணியதே தவிர, அதில் ஏறிய தலைகளைப் பார்த்து எண்ணவில்லை. இருந்த படகுகளில் பாதிப் பேருக்குக்கூட இடமில்லை. அவற்றிலும் ஒன்று கூட்டம் தாங்காமல் கவிழ்ந்தது, ஒன்று தீப்பிடித்தது. இரண்டே படகுகள் தப்பி விலகின. கேப்டன் தன் மனைவியோடு கடலில் குதித்ததையும், அவர்களுடைய சின்ன மகனைத் தூக்கிக்கொண்டு கப்பல் மருத்துவர் குதித்ததையும் தப்பியவர்கள் சொன்னார்கள். அவர்களில் யாரும் கரை சேரவில்லை. கப்பல் 19ஆம் நாள் வரை எரிந்து, பிறகு மூழ்கியது. படகுகள் இரண்டும் 21ஆம் நாள் இரவு காற்றில் ஒன்றையொன்று இழந்தன. ஒன்றை அதன்பின் யாரும் பார்க்கவில்லை. மற்றொன்றை நவம்பர் 27ஆம் நாள், கல்கத்தாவிலிருந்து டண்டிக்குப் போய்க்கொண்டிருந்த பிரிட்டிஷ் செப்டர் என்ற கப்பல் கண்டது. அதில் ஐந்து பேர் உயிரோடிருந்தார்கள். இருவர் விரைவிலேயே இறந்தார்கள். மெக்டொனால்ட், தாமஸ் லூயிஸ், எட்வர்டு காட்டர் என்ற இளம் மாலுமி ஆகிய மூவர் மட்டும் டிசம்பர் 6ஆம் நாள் செயின்ட் ஹெலினாவில் கரையேறினார்கள். குடியேறிகள் 429 பேரில் ஒருவர்கூட மிஞ்சவில்லை.

அன்று இவ்வளவுதான் சொன்னேன். போசன் ஸ்டோரில் வெறும் விளக்கு கொண்டுபோகாதே, வாசலில் நிற்பவன் சிகரெட்டோடு நிற்கிறானா என்று பார், காவல் முடிந்தாலும் ஒரு சுற்று போய்விட்டுப் படு என்றெல்லாம் சொன்னேன். அவற்றையெல்லாம் நீ செய்திருப்பாய். உன்னைப் பற்றி எனக்கு அதில் சந்தேகமே இல்லை. கல்லூரியில் உன் ஆசிரியர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்ன வார்த்தையை இன்றும் நான் தெருவில் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சொல்லாமல் விட்டது விசாரணை. தீ எப்படிப் பிடித்தது என்று லண்டனில் கேட்டார்கள். சாராயத்துக்காகவோ வேறெதற்காகவோ யாரோ ஒருவன் முன்பக்கச் சரக்கறைக்குள் புகுந்து, கையில் திறந்த விளக்கோடு சரக்கைத் துழாவியிருக்க வேண்டும் என்பதே விசாரணை வந்து நின்ற இடம். மாலுமியாகவோ குடியேறியாகவோ இருக்கலாம். பெயர் இல்லை. அது உண்மையாகவே இருக்கக்கூடும், நான் மறுக்கவில்லை. ஆனால் அப்படிச் சொல்லப்பட்ட அத்தனை பேரும் அப்போது கடலடியில் இருந்தார்கள் என்பதை எண்ணிப் பார். நான் இல்லை என்று சொல்ல அவர்களில் ஒருவருக்கும் வாய் இல்லை.

மெக்டொனால்டை நான் மதிப்பது வேறு காரணத்துக்காக. அந்தப் பத்து நாட்களில், தண்ணீரும் உணவும் இல்லாத படகில், இறந்தவர்களின் உடலிலிருந்து பசியாறியதை அவர் மறைக்கவில்லை. மறைத்திருந்தால் கேட்க ஆள் இல்லை. அதைச் சொன்னால் வாழ்நாள் முழுதும் ஊர் தன்னை எப்படிப் பார்க்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் சொன்னார். ஆகவே மற்றதை அவர் சொன்னபோதும் நான் நம்புகிறேன்.

நீ கேட்காமலே ஒன்று சொல்கிறேன். கப்பலில் எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டி வந்தாலும், நீ கண்ணால் பார்த்ததை மட்டும் எழுது. பார்க்காததைப் பார்த்ததாக எழுதாதே. மேலே இருப்பவர்கள் எழுதி வைத்த தாளை நீட்டினால், ஒரு நாள் அவகாசம் கேள். அறிக்கையில் யாருடைய பெயராவது இருந்தால், அவன் இருக்கும் இடத்தில் அதை வாய்விட்டுப் படிக்க உன்னால் முடியுமா என்று பார். பார்த்ததை மட்டும் எழுது. உன் கப்பலில் இருக்கும் வேம்பார்ப் பையனின் தாயார் போன புதன்கிழமை நம் வீட்டுக்கு வந்திருந்தார். மகன் பாதி ஒப்பந்தத்தில் திரும்பி வருவதாகச் சொன்னார். ஏன் என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. போசன் ஸ்டோர் என்ற சொல்லை மட்டும் இரண்டு முறை சொன்னார். உன் அம்மா அவருக்குக் காபி கொடுத்தாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. உன்னிடமும் கேட்கவில்லை. பயிற்சிக்கு அனுப்ப வீட்டை அடகு வைத்தவன் என்ற உரிமையில்கூட நான் கேட்கவில்லை. ஆனால் பதினெட்டு நாட்கள் பேசாமல் இருப்பதற்கு நீ கற்றது என்னிடம்தான் என்று இப்போது தோன்றுகிறது.

1980ஆம் ஆண்டு, மார்கழி. கொழும்பில் சரக்கை இறக்கிவிட்டுத் தோணி திரும்புவதற்குக் காத்திருந்தோம். எனக்கு இருபத்தொரு வயது. அணியத்துக்குக் கீழே மாற்றுப் பாயும் தென்னங்கயிறும் தார் டின்னும் இருந்த இடத்துக்கு விளக்கோடு யாரும் போகக்கூடாது என்பது தோணித் தலைவரான தண்டலின் கட்டளை. இருட்டில் கயிறு தேட வேண்டியிருந்தது. சமையல் செய்யும் பண்டாரிக்கு உதவியாக இருந்த மணப்பாட்டுப் பையனிடம் சமையல் அடுப்பருகே இருந்த சிமினி விளக்கைக் கேட்டேன். அவன் தன் கையால் எடுத்துக் கொடுத்தான். கயிற்றை எடுத்துக்கொண்டு, விளக்கை அங்கேயே வைத்துவிட்டு ஏறிவந்துவிட்டேன். அரை மணி நேரத்தில் புகை வந்தது. நனைத்த சாக்குகளையும் வாளி வாளியாகக் கடல் தண்ணீரையும் போட்டு அணைத்தோம். பெரிய பாய் ஒன்று முழுதாகப் போனது. உயிர்ச் சேதம் இல்லை.

சாம்பலுக்குள்ளிருந்து விளக்கின் அடித்தகட்டைத் தண்டல் எடுத்துக் காட்டினார். அது அடுப்படி விளக்கு என்பதால் எல்லாரும் அந்தப் பையனைப் பார்த்தார்கள். அவன் என்னைப் பார்த்தான். நான் இல்லை என்று ஒரு முறை சொன்னான். என் பெயரைச் சொல்லவில்லை. நான் சொல்வேன் என்று காத்திருந்தான் என்றே நினைக்கிறேன். அவனுக்குப் பதினான்கு வயதுகூட இருக்காது. அடி வாங்கினான். தூத்துக்குடிக்கு வந்ததும் இறக்கிவிடப்பட்டான். அதன்பின் எந்தத் தோணியிலும் அவனைச் சேர்க்கவில்லை. தண்டல் யார் என்பது உனக்குத் தெரியும். பொறுப்பான பையன் என்று நம்பித்தான் அடுத்த ஆண்டு அவர் உன் அம்மாவை எனக்குக் கொடுத்தார். அவர் சொன்ன நல்ல வார்த்தையில்தான் எனக்குப் பெரிய கப்பலில் இடம் கிடைத்தது. அவர் சாகும்வரை, கடைசி ஆறு மாதம் நான்தான் அவரைக் குளிப்பாட்டிவிட்டேன், அப்போதும் சொல்லவில்லை.

உன்னிடம் மொட்டைமாடியில் காஸ்பாட்ரிக்கின் கதையைப் பாதியில் நிறுத்தியது இதனால்தான். விசாரணை என்ற சொல் வந்ததும் என் நாக்கு எழவில்லை. நேரமாகிவிட்டது, படு என்றேன்.

போன மாதம் உன் அம்மாவிடம் கெபிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு மணப்பாட்டுக்குப் போனேன். விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். அவன் இறந்து ஆறு வருடங்கள் ஆகின்றன. வலை பின்னிப் பிழைத்திருக்கிறான். தங்கை இருக்கிறாள். யார் என்று கேட்டாள். பழைய தோணிக்காரன் என்றேன். கேட்டதும், அண்ணனை ஒரு காலத்தில் தீ வைத்தவன் என்று சொல்லிவிட்டார்கள், அது பொய் என்று எங்கள் அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள் என்றாள். தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அக்காவின் வீட்டுப் பால்காய்ப்பு தை மாதத்துக்குத் தள்ளிப்போகிறது. அம்மாவின் முட்டிவலி சற்றுப் பரவாயில்லை. மற்றவை பிறகு எழுதுகிறேன்.

வேம்பார்ப் பையன் கப்பலிலிருந்து இறங்குவதற்கு முன் இது உன் கைக்கு வந்தால் நல்லது. இறங்கிய பிறகு வந்தாலும் எனக்கு ஒரு போன் செய்; எந்த நேரமானாலும் எடுப்பேன். நான் எதுவும் கேட்க மாட்டேன், நீ சொல்வதைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பேருந்தில் மறுபடி மணப்பாட்டுக்குப் போகிறேன். அதற்கு முன், சனிக்கிழமை இரவு, உன் அம்மாவிடம் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
அப்பா