கண்மாய்க்குள் முளைத்த காடு

ஐயா,

கல்லூரிச் சேர்க்கை தொடங்கினாலே, கணினியில் வரைபடம் தயாரித்து நிலத்தை ஆராயும் ஜி.ஐ.எஸ். எனப்படும் புவியியல் தகவல் அமைப்பு படித்தால் வெயில் படாத வேலை கிடைக்கும் என்ற பேச்சு கிளம்பிவிடுகிறது. உங்கள் கல்வி இணைப்பிதழும் அதையே எழுதியிருந்தது. அந்தப் பாடத்தை இருபத்தாறு ஆண்டுகள் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். என் புறங்கையின் கருப்பைப் பார்த்திருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டீர்கள்.

1993-இல் ஆய்வு மாணவியாகச் சேர்ந்தபோது எங்கள் துறைக்கு இருந்தது வரைபடக் கோடுகளைக் கணினிக்குள் ஏற்றும் ஒரே ஒரு டிஜிட்டைசர் மேசை. அதன்மேல் டோபோஷீட் எனப்படும் நில அமைப்பு வரைபடத்தை ஒட்டி, கண்மாய்க் கரையைப் புள்ளி புள்ளியாகத் தொட்டு வருவோம். 1:50,000 அளவில் கை ஒரு மில்லிமீட்டர் பிசகினால் தரையில் 50 மீட்டர்; யாரோ ஒருவருடைய வயல் கண்மாய்க்குள் போய்விடும்.

என் முதல் செயற்கைக்கோள் படம் ஐ.ஆர்.எஸ். 1பி எடுத்தது. படத்தின் ஒரு புள்ளியான பிக்சலின் பக்கம் தரையில் 36.25 மீட்டர், அதாவது ஏறக்குறைய முப்பத்திரண்டு சென்ட் நிலம் ஒரே நிறமாகத் தெரியும். அந்தப் படங்களில் பச்சைத் தாவரத்தைச் சிவப்பில் காட்டுவது வழக்கம். சிவகங்கைப் பக்கம் ஓரிடம் செக்கச்செவேலென்று இருந்தது. 'காடு' என்று குறித்தேன். என் வழிகாட்டி ஒன்றும் சொல்லவில்லை. பஸ்ஸுக்குக் காசு கொடுத்து அனுப்பினார்.

அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் சிரித்துவிட்டார். "காடு ஏது தாயி, இது கண்மாய். தண்ணீர் ஏறி எட்டு வருஷம் ஆகிறது." உள்ளே முழுக்கச் சீமைக் கருவேலம். உபரி நீர் வெளியேறும் கலுங்கு வரை அழைத்துப் போனார். பிறகு கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் மண் மேவிக் கிடந்த இடத்தையும் கைத்தடியால் தொட்டுக் காட்டினார். என் ஆய்வேட்டின் மூன்றாம் இயல் அந்த ஒரு பகலில் கிடைத்தது.

பட்டம் வாங்கியபின் ஒரு நேர்காணலில், "நீங்கள் புவியியலா, கணினியா?" என்று கேட்டார்கள். இரண்டும் என்றேன். வேலை வேறு யாருக்கோ போயிற்று. பிற்பாடு வேலை கிடைத்த இடத்தில் பதவி உயர்வுக்கு வெளியிட்ட கட்டுரைகளை எண்ணினார்கள். கரையில் நின்ற நாள்களுக்கு மதிப்பெண் கிடையாது. எனக்கு அதில் வருத்தமில்லை என்று சொன்னால் பொய்.

இன்று நிலைமை எவ்வளவோ மேல். ஒரு பிக்சலுக்கு 10 மீட்டர் என்ற நுட்பத்தில் ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. வரைபடத் தரவு விதிகளை மத்திய அரசும் 2021 பிப்ரவரியில் வெகுவாகத் தளர்த்திவிட்டது. ஒரு மாவட்டம் முழுவதையும் மாணவர்கள் காடு, வயல், நீர்நிலை என்று ஒரே மாலையில் வகைப்படுத்திவிடுகிறார்கள். ஆனால் நான் கடைசியாகத் திருத்திய செய்முறை ஏட்டிலும் ஒரு கண்மாய் 'காடு' என்றுதான் இருந்தது. அந்தப் பையன்மேல் தவறில்லை. நான் சேர்ந்தபோது பன்னிரண்டு நாளாக இருந்த களப்பணியை, ஓய்வு பெறும்போது மூன்று நாளாக்கியிருந்தார்கள். பஸ் வாடகை கட்டுப்படியாகவில்லையாம். அதே ஆண்டு ஆய்வகத்துக்கு இரண்டாவது ஏசி வந்தது.

பாடத்திட்டக் குழுவினர் உங்கள் நாளிதழைப் படிப்பவர்கள். களப்பணி நாள்களைத் திருப்பித் தரச் சொல்லி நீங்கள் எழுதினால் காதில் விழும். இன்னொன்று: அடுத்த முறை இந்தப் படிப்பைப் பற்றி எழுதும்போது, கணினித் திரைமுன் அமர்ந்திருப்பவர் படத்தோடு கண்மாய்க் கரையில் நிற்பவர் படம் ஒன்றையும் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் பேராசிரியை,
மதுரை