பாப்பா ஆடிட்டர் ஆபீசுக்குப் போகிறாளாமே

அன்புள்ள மாப்ள,

ஆறு மாசம் பதில் போடாததற்குத் திட்டுவதை நேரில் வைத்துக்கொள். மாவடு ஜாடி வந்து சேர்ந்தது. இடுப்புவலி தேவலை.

பாப்பா சேர்ந்துவிட்டதாகத் தங்கச்சி போனில் சொன்னாள். சட்டப் புத்தகத்தையெல்லாம் இன்னொரு தரம் புரட்டச் சொல்லி நீ உயிரை வாங்குகிறாயாம். விடுடா. சட்டம் அங்கே எல்லோரும் படித்ததுதான். கணக்கு உதைக்கும்போது என்ன செய்கிறாள் என்பதில்தான் அவள் பேர் வாங்குவாள்.

டேலியில், அதுதான் கணக்கு எழுதும் மென்பொருள், பற்றும் வரவும் சமமாக இல்லாமல் வவுச்சரே (ஒவ்வொரு பதிவும்) ஏறாது. அதனால் டிரையல் பேலன்ஸ் (எல்லாக் கணக்கின் பற்று வரவு மொத்தமும் சமமா என்று காட்டும் பட்டியல்) பெரும்பாலும் அழகாக நிற்கும். அதை நம்பித்தான் பையன்கள் ஏமாறுகிறார்கள். வண்டவாளம் தெரிவது பேங்க் ஸ்டேட்மென்ட்டோடு ஒத்துப் பார்க்கும்போது. வித்தியாசம் வந்ததும் முதல் வரியிலிருந்து டிக் அடிக்க உட்கார வேண்டாம். முதலில் 9-ஆல் வகுக்கச் சொல். மீதியில்லாமல் போனால் பெரும்பாலும் இலக்கம் இடம் மாறியிருக்கும்: 5,420-ஐ 4,520 என்று அடித்தால் வித்தியாசம் 900. சைபர் கூடினாலும் இதே கதை. 1,250 என்பது 12,500 ஆகிவிட்டால் வித்தியாசம் 11,250. 9-ஆல் வகுத்தால் நிஜத் தொகையே வந்து நிற்கும். 9-இல் அடங்கவில்லையா, பாதியாக்கட்டும். 3,500 என்றால் 1,750-ஐத் தேடணும். கொடுத்ததை வந்ததாகப் போட்டிருப்பார்கள், அதனால் வித்தியாசம் இரண்டு மடங்காக நிற்கும். அதுவும் இல்லையென்றால் முழுத் தொகையையே தேடணும்: பேங்க் சார்ஜ், வட்டி, ஏறாமல் போன காசோலை.

'பத்து ரூபாய்தானே' என்று சஸ்பென்ஸில் (காரணம் தெரியாத தொகையைப் போட்டுவைக்கும் கணக்கில்) தள்ளும் புத்தி மட்டும் வரக் கூடாது. ஒரு பக்கம் 45,000 கூடி, இன்னொரு பக்கம் 44,990 குறைந்திருந்தாலும் மிஞ்சுவது அதே பத்து ரூபாய்தான். சோடாபுட்டி வாத்தியாரின் பிரம்பு உனக்கு ஞாபகம் இருக்குமே!

தேதி விஷயம் சுருக்கமாக. டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடிக்கிற வருமான வரி) கட்ட அடுத்த மாதம் 7 கடைசி (மார்ச்சுக்கு மட்டும் ஏப்ரல் 30). ஜூனில் பிடித்ததை ஜூலை 8-இல் கட்டினால் ஒரு நாள் தாமதம் என்று நினைப்பாள். வட்டி பிடித்த தேதியிலிருந்து ஓடும், துண்டு மாதமும் முழு மாதம். ஆக இரண்டு மாதம், மாதம் 1.5 சதவீதம்; 50,000-க்கு 1,500 தண்டம். ஜிஎஸ்டியில் 2பி (சப்ளையர்கள் ஏற்றிய பில்களின் பட்டியல்) வருவது 14-ஆம் தேதி, 3பி (நாம் போடும் மாத ரிட்டர்ன்) போடுவது 20. இடையில் ஆறு நாள். 14-ஆம் தேதியே கொள்முதல் பில்களை அதோடு ஒத்துப் பார்த்து, விட்டுப்போனதற்கு சப்ளையருக்குப் போன் போடணும். 19-ஆம் தேதி ராத்திரி எவன் போனை எடுப்பான்?

நரேஷனில் (பதிவுக்குக் கீழே எழுதும் விளக்கத்தில்) 'பீயிங் பெய்ட்', அதாவது 'கொடுத்தது', என்று மொட்டையாக எழுதுகிறவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எந்த பில், எந்த மாதம், யார் சொல்லி என்று எழுதட்டும்.

இனி விளையாட்டு இல்லை, மாப்ள. பல இடங்களில் முதலாளியின் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் (கம்ப்யூட்டரில் செருகிக் கையெழுத்துப் போடும் பென் டிரைவ் மாதிரியான சாதனம்) மேஜை டிராயரில் கிடக்கும், பின் நம்பர் சீட்டில் ஒட்டியிருக்கும், 'நீயே போட்டுடும்மா' என்பார்கள். தொடவே கூடாது. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி அது பேனாக் கையெழுத்துக்குச் சமம். நாளைக்குப் பிரச்சினை என்றால் யார் விரல் பட்டது என்று முதலில் கேட்பது அவளைத்தான். 'ஃபைல் தயார், நீங்கள் வந்து போடுங்கள் சார்' என்று சொல்லிவிட்டு எழுந்து நிற்கட்டும். முகம் கோணினால் கோணட்டும்.

இதை நீ சொன்னால் கேட்க மாட்டாள். கடிதத்தை அப்படியே அவள் கையில் கொடு, சோடாபுட்டி வரியை மட்டும் அடித்துவிட்டு. ஜாடி திரும்பி வராது.

உன்,
மாமன்