மெம் ஃபாக்ஸ் பத்தி எழுதுங்க

ஆசிரியருக்கு வணக்கம். குழந்தைகளுக்கு எழுதுறவங்களைப் பத்தி பேப்பர்ல வர்றதே கம்மி, ஆஸ்திரேலியாவோட மெம் ஃபாக்ஸ் பத்தி ஒரு கட்டுரை போடுங்க ப்ளீஸ். 1946ல மெல்போர்ன்ல பிறந்து, அப்பா அம்மா மிஷனரிங்கறதால இன்னைக்கு ஜிம்பாப்வேன்னு சொல்ற நாட்டுல வளர்ந்து, லண்டன்ல நாடகம் படிச்சு, கடைசியில அடிலெய்டுல செட்டில் ஆனவங்க. முதல் புத்தகத்தை அஞ்சு வருஷத்துல ஒம்பது பதிப்பகம் திருப்பி அனுப்பியிருக்கு, எவ்ளோ பொறுமை பாருங்க! கதையில இருந்த எலியை பாஸம்ங்கற ஆஸ்திரேலியப் பை விலங்கா மாத்தினாங்க, 1983ல 'பாஸம் மேஜிக்' வந்துச்சு. கண்ணுக்குத் தெரியாத குட்டி பாஸம் டார்வின் நகரத்துல வெஜிமைட்ங்கற, அந்த நாட்டுல ரொட்டியில தடவிச் சாப்பிடுற உப்புப் பசை வெச்ச சாண்ட்விச் சாப்பிட்டதும் வால் மட்டும் தெரியுமே, ஜூலி விவாஸ் வரைஞ்ச படத்தோட அந்த இடம் அவ்ளோ அழகு. பிள்ளைங்களுக்கு தினமும் சத்தமா வாசிச்சுக் காட்டுங்கன்னு பெத்தவங்ககிட்ட வருஷக்கணக்கா சொல்லிட்டு வர்றாங்க, அதையும் கட்டுரையில சேர்த்துப் போடுங்க.

இப்படிக்கு, ஒரு வாசகி