ஹம்பர் வேண்டாம், ஓர் அலமாரி கொடுங்கள்: ஆலய நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆலயத் தலைவர், செயலாளர், நிர்வாகக் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

போன வெள்ளிக்கிழமை அர்ச்சனைச் சீட்டு வாங்க நிற்கும்போது அறிவிப்புப் பலகையைப் பார்த்தேன். ‘மன அழுத்தம் போக்கும் கலைச் சிகிச்சை முகாம். ஒரு நாள். சிறந்த மூன்று ஓவியங்களுக்கு ஹம்பர் (பரிசுக் கூடை).’ மனநலம் பற்றிப் பேச மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு கோயில் முன்வந்ததே பெரிய காரியம் ஐயா, மனசாரச் சொல்கிறேன். அந்த ஹம்பரை மட்டும் எடுத்துவிடுங்கள். காரணம் சொல்லக் கொஞ்சம் நீளும்.

என் தம்பி ரப்பர் தோட்டத்தில் இருபது வருடம் பால் வெட்டியவன். தோட்டம் கைமாறி, தோட்டத்து லய வீட்டைக் காலி செய்த பிறகுதான் அவனுக்கு நோய் வெளியே தெரிந்தது. நம் ஊரில் சண்டை வந்தால் ‘தஞ்சோங் ரம்புத்தானுக்குப் போ’ என்று ஏசுவோம். 1911இல் அங்கே திறந்த மனநல மருத்துவமனைக்குத்தான் அவனை நான் கூட்டிப் போகிறேன். மாத்திரை அவனைத் தூங்க வைத்தது, காதில் கேட்ட குரல்களைக் குறைத்தது. பேச்சு மட்டும் வரவில்லை. ‘ம்’, ‘இல்ல’, ‘பசிக்கல’, அவ்வளவுதான்.

இரண்டு வருடத்துக்கு முன் நம் மண்டபத்தில் பிள்ளைகளுக்கு வண்ணம் தீட்டும் போட்டி நடந்தது நினைவிருக்கும். கடைசி மேசையில் மிச்சமிருந்த தாள் ஒன்றை அவன் எடுத்துக்கொண்டான். கறுப்புக் கிரேயானால் பால்மரங்களை வரிசை வரிசையாகப் போட்டான். ஒவ்வொரு மரத்திலும் அந்தச் சாய்ந்த வெட்டு. வெட்டு வரும்போது மட்டும் கை அழுத்தும். கிரேயான் இரண்டு முறை ஒடிந்தது. நடுவில் ஓர் ஆள், கையில் வாளி, முகம் இல்லை. நான் ஒன்றும் கேட்கவில்லை. அவனே, ‘காலையில மழ பேஞ்சா வேல இல்லக்கா’ என்றான். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவன் வாயிலிருந்து வந்த முழு வாக்கியம்.

அதை யாரோ படம் பிடித்து ஆலய வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். ‘மூஞ்சியே காணோமே, பேய் வரைஞ்சிருக்காரா?’ என்று ஒருவர். அதற்குக் கீழே வரிசையாகச் சிரிக்கிற எமோஜி. கெட்ட எண்ணம் இல்லை என்று எனக்குத் தெரியும். என் தம்பி அதற்குப் பிறகு ஐந்து மாதம் பென்சிலைத் தொடவில்லை.

இந்தக் கலைச் சிகிச்சைக்குப் பெயர் வைத்தவரே ஒரு நோயாளிதான். ஏட்ரியன் ஹில் என்ற பிரிட்டிஷ் ஓவியர் காசநோயோடு சானடோரியத்தில் கிடந்தபோது வரைந்தார், பிறகு மற்ற நோயாளிகளையும் வரைய வைத்தார். 1942இல் ‘ஆர்ட் தெராப்பி’ என்று பெயர் கொடுத்தார். 1946இல் எட்வர்ட் ஆடம்சன் என்பவர் இங்கிலாந்தின் நெதர்ன் மனநல மருத்துவமனையில் ஓவியக்கூடம் நடத்தத் தொடங்கினார். இப்படி வரை, அப்படி வரை என்று சொல்லமாட்டாராம். பக்கத்தில் இருப்பார், அவ்வளவுதான். அந்த இருப்புதான் பாதி மருந்து என்று எனக்குப் படுகிறது. தன்னைப் பற்றிப் பேசச் சொன்னால் வாய் கட்டிப்போகிறவன், தாளில் நிற்கிற ஆளைப் பற்றிப் பேசிவிடுவான். பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் அதற்கு வழி விடுவார். ‘கறுப்பு என்றால் சோகம், சிவப்பு என்றால் கோபம்’ என்று ஜாதகம் பார்ப்பதுபோல் பலன் சொல்கிறவரைத் தயவுசெய்து அழைக்காதீர்கள். எங்கே படித்தார், எந்த மருத்துவருடன் சேர்ந்து வேலை செய்கிறார் என்று கேட்டுவிட்டு அழையுங்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். பிரிட்டனில் மனச்சிதைவு உள்ள 417 பேரை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2012இல் வெளிவந்தது. வாரம் ஒருமுறை குழுவாக ஓவியச் சிகிச்சை கொடுத்தும், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட அவர்கள் தேறிவிடவில்லை. பலர் ஒழுங்காக வரவும் இல்லையாம். ஆகவே மேடையில் யாராவது ‘மாத்திரை வேண்டாம், வண்ணமே போதும்’ என்று பேசினால் உடனே மைக்கை வாங்கிவிடுங்கள். அப்படிப் பேச்சைக் கேட்டு மாத்திரையை நிறுத்தினால் என்ன ஆகும் என்று எங்கள் வீட்டுக்கு ஒருமுறை தெரிந்தது. போதும்.

அப்புறம் எதற்கு இதெல்லாம் என்பீர்கள். நோய் போகும் என்று நான் கேட்கவில்லை. வாரத்தில் ஒன்றரை மணி நேரம் என் தம்பியை ‘அந்தப் பைத்தியம்’ என்று பார்க்காத ஓர் இடம் வேண்டும். கணவனை இழந்த பெண்களும், பரீட்சை பயத்தில் சோறு இறங்காத பிள்ளைகளும் நம் தாமான் குடியிருப்பிலேயே இருக்கிறார்கள். அவர்களும் வரலாம்.

ஒரு நாள் முகாமுக்கு ஒதுக்கிய பணத்தில் பேனரும் சாப்பாடும் போக மிச்சம் என்ன இருக்கும் என்று கணக்குப்பிள்ளை மகளான எனக்குத் தெரியும். அந்தப் பணத்தைப் பல வாரத்துக்குப் பிரியுங்கள். வியாழக்கிழமை காலை மண்டபம் சும்மாதான் கிடக்கிறது. சிகிச்சையாளர் வரமுடியாத வாரங்களில் அதற்குச் சிகிச்சை என்று பெயர் வைக்காமல், சும்மா வரையும் நேரம் என்றே சொல்லுங்கள். கண்காட்சி வேண்டாம், மதிப்பெண் வேண்டாம், கைப்பேசி வாசலிலேயே இருக்கட்டும். வரைந்த தாள் வரைந்தவருக்குச் சொந்தம். வீட்டுக்குக் கொண்டுபோக விரும்பாதவர்களுக்காக, பூட்டு உள்ள அலமாரி ஒன்று.

சமையலறை ஓரத்தில் பழைய இரும்பு அலமாரி ஒன்று நிற்கிறது. திருவிழாத் தோரணம்தான் அதில் இருக்கிறது. தோரணத்தை மடித்து வேறிடத்தில் வைக்க நானே வருகிறேன். பூட்டும் வாங்கி வருகிறேன். சாவி யாரிடம் இருக்கவேண்டும் என்பதை மட்டும் அடுத்த கூட்டத்தில் முடிவு செய்து சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஆலய ஆயுள் உறுப்பினர் ஒருத்தி,
சுங்கை சிப்புட்